ஒரே குற்றம், ஆளுக்கொரு தண்டனை: தரவுகளால் இதைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: “ஒரே மாதிரியான குற்றத்துக்கு ஒருவருக்கு ஓராண்டுச் சிறை, இன்னொருவருக்கு ஐந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு வருகிறது. தரவுப் பகுப்பாய்வைக் கொண்டு இந்த அநியாயத்தைக் களைய முடியாதா? முடியுமென்றால், தண்டனையைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லிவிடலாமே, நீதிபதி எதற்கு?”

புள்ளியியல் படித்து, தீர்ப்புத் தரவுகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் பாதிக்கு என் பதில்: ஓரளவு முடியும். இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. தரவு ஒரு விளக்கு. அந்த விளக்கை நீதிமன்றத்தின் மீதும், அரசு வழக்கறிஞரின் மேசை மீதும், சட்டத்தின் மீதும் பிடித்தால் நியாயம் வளரும். கூண்டில் நிற்பவரின் முகத்தில் மட்டும் அடித்தால், ஏற்கெனவே இருக்கும் அநியாயத்துக்கு அறிவியல் முத்திரை குத்தியதாகிவிடும். இன்று பணமும் கவனமும் பெரும்பாலும் இரண்டாவது வேலைக்கே போகின்றன என்பதுதான் என் கவலை.

சிக்கல் எவ்வளவு பெரிது என்று முதலில் பார்ப்போம். 1974இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 20 வழக்குகளின் கோப்புகள் 50 கூட்டாட்சி நீதிபதிகளிடம் தரப்பட்டன. எல்லோருக்கும் ஒரே தாள்கள், ஒரே விவரங்கள். ‘நீங்கள் என்ன தண்டனை கொடுப்பீர்கள்?’ என்பது மட்டுமே கேள்வி. மிரட்டிப் பணம் பறித்த வழக்கு ஒன்றில் மிகக் கடுமையான பதில் 20 ஆண்டுச் சிறை, கூடவே 65,000 டாலர் அபராதம். மிக இலேசான பதில் 3 ஆண்டுச் சிறை, அபராதமே இல்லை. குற்றமும் ஆளும் சாட்சியமும் ஒன்றுதான். மாறியது நாற்காலியில் இருந்தவர் மட்டுமே. ஒரு மனிதனின் 17 ஆண்டு வாழ்க்கை, அவனுடைய வழக்கு எந்த அறைக்குப் போகிறது என்பதில் அடங்கியிருந்தது. இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பதற்றம் இன்னும் அடங்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு தராசு இரண்டு விதமாகக் கெட்டுப்போகலாம். ஒரே பொருளை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் வேறு வேறு எடை காட்டுவது ஒரு விதம். இதைச் சிதறல் என்போம். எப்போதும் ஒரே பக்கமாகத் தாழ்ந்து காட்டுவது இன்னொரு விதம். இது சாய்வு. மேலே சொன்ன சோதனை காட்டியது சிதறலை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று இனத்தையோ, வறுமையையோ, பாலினத்தையோ பார்த்துத் தண்டனை மாறுவது சாய்வு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. சிதறலைக் குணப்படுத்துகிற மருந்து சில நேரம் சாய்வைக் கெட்டிப்படுத்திவிடும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. தண்டனை விதிக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளமே இல்லை என்று மார்வின் ஃபிராங்கல் என்ற கூட்டாட்சி நீதிபதி 1970களின் தொடக்கத்தில் குரல் எழுப்பினார். அது மெல்ல வலுத்து, 1984இல் அமெரிக்காவில் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தண்டனை ஆணையம் ஒன்று அமைந்தது. 1987 நவம்பர் முதல் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு ஓர் அட்டவணை கிடைத்தது. குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், முந்தைய குற்ற வரலாற்றுக்கு 6 பிரிவுகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று எழுதியிருக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால் 1986இல் நிறைவேறிய போதைப்பொருள் சட்டம் அந்த அட்டவணைக்குள் புகுந்தது. கிராக் எனப்படும் கட்டி வடிவக் கொக்கெய்ன் 5 கிராம் வைத்து விற்பவருக்கு குறைந்தது 5 ஆண்டுச் சிறை. தூள் வடிவக் கொக்கெய்னில் அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். நூறுக்கு ஒன்று. இரண்டும் அடிப்படையில் ஒரே போதைப்பொருள். கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்.

நீதிபதிகள் இந்தச் சட்டத்தைச் சீராகத்தான் செயல்படுத்தினார்கள். அந்தச் சீர்மையே கொடுமையை நாடு முழுக்கப் பரப்பியது. நீதிபதிகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு மட்டும் பார்த்திருந்தால் எந்தக் குறையும் தென்பட்டிருக்காது. ஆனால் ஆணையத்திடம் வழக்குவாரியான தரவு இருந்தது. யாருக்கு, எந்த அளவுக்கு, எத்தனை மாதம் என்பது பதிவாகியிருந்தது. 1995இலேயே இந்த விகிதத்துக்கு நியாயம் இல்லை என்று ஆணையம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 2010இல்தான் விகிதம் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. அதற்கு முன்பே சிறையில் இருந்தவர்களுக்கும் அந்தக் குறைப்பு பொருந்தும் என்று சட்டம் சொல்ல 2018 ஆனது. எண்கள் உண்மையைச் சொன்ன பிறகும் இத்தனை ஆண்டுகள் ஆயின. ஆனாலும் அந்த எண்கள் இல்லாமல் இருந்திருந்தால், அது வெறும் புலம்பல் என்று தள்ளிவிடப்பட்டிருக்கும்.

சாய்வை எப்படி அளக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றமும் தவறும் நுழையும் இடம் இதுதான். இரண்டு இனத்தவரின் சராசரித் தண்டனையை எடுத்து ஒப்பிட்டால் போதாது. செய்த குற்றங்கள் வேறாக இருக்கலாம், முன் தண்டனைகள் வேறாக இருக்கலாம். ஆகவே குற்றத்தின் தன்மை, முந்தைய வரலாறு, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்பது போன்றவற்றைச் சமன்படுத்திவிட்டு மீதமிருக்கும் இடைவெளியைப் பார்க்கிறார்கள். அமெரிக்கத் தண்டனை ஆணையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், ஒத்த நிலையில் இருந்த வெள்ளை ஆண்களைவிடக் கறுப்பின ஆண்களுக்குச் சராசரியாக 19.1 விழுக்காடு நீண்ட தண்டனை கிடைத்திருந்தது. 2023இல் வெளியான அடுத்த அறிக்கையில் அது 13.4 விழுக்காடு.

இந்த எண்ணைக் கேட்டதும் ‘நீதிபதிகள் பாகுபாடு காட்டுகிறார்கள்’ என்பார் ஒருவர். ‘கணக்கில் சேராத வேறு காரணங்கள் இருக்கலாம்’ என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: கணக்கில் சேர்த்த காரணங்களுக்குள்ளேயே சாய்வு ஒளிந்திருக்கலாம். ‘குற்றத்தின் தன்மை’ வானத்திலிருந்து விழுவதில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று அரசு வழக்கறிஞர்தான் தீர்மானிக்கிறார். ‘முந்தைய குற்ற வரலாறு’ என்பது ஒருவர் என்ன செய்தார் என்பதை மட்டுமா காட்டுகிறது? காவல்துறை எந்தத் தெருவில் அடிக்கடி நின்றது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. இவற்றையெல்லாம் ‘சமன்படுத்தி’விட்டுக் கணக்குப் போட்டால், முதல் மாடியில் நடந்த அநியாயத்தை அழித்துவிட்டு மூன்றாம் மாடியை மட்டும் சோதிக்கிறோம். அங்கே சுத்தமாக இருந்தால் கட்டடம் முழுவதற்கும் நற்சான்று கொடுத்துவிடுகிறோம்.

மரித் ரெஹாவி, சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் குறையைக் களைந்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தண்டனை நேரத்தில் இருந்த குற்றச்சாட்டை விட்டுவிட்டு, கைதான நேரத்தில் என்ன செயலுக்காகக் கைதானார் என்பதிலிருந்து தொடங்கி வழக்கின் முழுப் பாதையையும் பின்தொடர்ந்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில் விளக்கப்படாமல் நின்ற இன இடைவெளியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள பிரிவில் வழக்குப் போடுவதா வேண்டாமா என்ற அரசு வழக்கறிஞரின் தொடக்க முடிவிலிருந்து வந்தது. நீதிபதி வாய் திறக்கும் முன்பே பெரும்பாதி முடிந்துவிடுகிறது. தண்டனையில் நியாயம் தேடுகிறவர்கள் நீதிபதியை மட்டும் அளப்பது வீட்டில் தொலைத்ததை வீதியில் தேடுவது போன்றது.

இன்னும் ஒரு படி முன்னே போனால் பிணை வருகிறது. ஃபிலடெல்ஃபியா, மயாமி நகர்களின் வழக்குகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, விசாரணைக்கு முன் வெளியே விடப்பட்டவர்கள் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டியது. பெரும்பாலும் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாததே காரணம். உள்ளே அடைபட்டிருப்பவர் ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்று எதற்கும் தலையாட்டிவிடுகிறார். அந்தத் தலையாட்டல் பிறகு ‘முந்தைய குற்ற வரலாறு’ ஆகிறது. அடுத்த வழக்கில் அதுவே தண்டனையைக் கூட்டுகிறது.

நீதிபதிகளுக்கிடையிலான வேறுபாட்டை நேர்மையாக அளக்க ஒரு நல்ல வழி உண்டு. பல நீதிமன்றங்களில் வழக்குகள் குலுக்கல் முறையில் நீதிபதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. அப்படியானால் ஒவ்வொருவருக்கும் போகும் வழக்குகளின் கலவை ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு முடிவுகள் பெரிதும் மாறினால் அது வழக்கின் குணம் அல்ல, நீதிபதியின் குணம். சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் இந்த முறையில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதில் இன இடைவெளி நீதிபதிக்கு நீதிபதி கணிசமாக மாறியது. சிறைக்காலத்தின் நீளத்தில் அப்படி மாறவில்லை. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும்போதுதான் எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிகிறது.

குலுக்கல் இல்லாத இடத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. இஸ்ரேலில் சிறைவாசிகளின் முன்விடுதலை மனுக்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. உணவு இடைவேளைக்குப் பிறகு மனு ஏற்கப்படும் வாய்ப்பு 65 விழுக்காடு, நேரம் போகப் போக அது ஏறத்தாழ சுழியத்துக்கு இறங்குகிறது என்றது அது. பசித்த நீதிபதி இரங்கமாட்டார் என்ற கதை உலகம் சுற்றியது. அதே ஆண்டு வேறு இருவர் மறுப்பு எழுதினார்கள்: வழக்குகள் வரும் வரிசை தற்செயலானது அல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் வருகின்றன, அவர்களுக்கு வெற்றி குறைவு. பசிக்கு வேலையே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கதை அழகாக இருக்கிறது என்பதற்காகத் தரவை நம்பிவிடக்கூடாது. எனக்கு இதில் வருத்தம் தருவது வேறொன்று: வழக்கறிஞர் இல்லாதவனுக்கு வெற்றி குறைவு என்ற உண்மை அங்கேயே கிடந்தது. அது உலகம் சுற்றவில்லை.

சரி, தரவு தெளிவாகவே பேசினால் நீதிமன்றம் கேட்குமா? அமெரிக்க வரலாற்றில் மிக வேதனையான பதில் 1987இல் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 1970களில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். இனத்துக்குத் தொடர்பில்லாத ஏராளமான காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை கிடைக்கும் சாய்ப்பு, அதாவது கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள விகிதம், 4.3 மடங்கு. வாரன் மெக்கிளெஸ்கி என்ற கைதி இந்த ஆய்வோடு உச்ச நீதிமன்றம் போனார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். ஆய்வு சரி என்றே வைத்துக்கொண்டாலும், இந்தக் குறிப்பிட்ட வழக்கில் இவருக்கு எதிராக வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டது என்று அது நிரூபிக்கவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. 1991இல் மெக்கிளெஸ்கிக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், பணி ஓய்வுக்குப் பின், தாம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்பும் வழக்கு அதுதான் என்று சொன்னார்.

கூட்டத்தைப் பற்றிய எண், தனி மனிதனுக்கு ஆதாரமாகாது என்பது அங்கே சட்டம். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். குற்றவாளியின் இடரை, அதாவது அவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் மென்பொருள்கள் செய்வது என்ன? கூட்டத்தைப் பற்றிய எண்ணைத் தனி மனிதன் தலையில் ஏற்றுவதுதானே! அவனைக் காப்பாற்றப் புள்ளிவிவரம் போதாது. அவனை அடைக்க மட்டும் போதும் என்றால் அது என்ன நியாயம்? கலிஃபோர்னியா 2020இல் ஒரு சட்டம் இயற்றி, இனச் சாய்வை நிறுவப் புள்ளிவிவரத்தைக் காட்ட வழி திறந்தது. தரவு இரு தரப்புக்கும் பொதுவாக வேண்டும் என்பதை ஓர் அரசாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

இடர் மதிப்பீட்டுக் கருவிகளில் அதிகம் பேசப்பட்டது காம்பாஸ். கைதானவரின் வயது, முன் வழக்குகள், குடும்பம், நட்பு வட்டம் எனப் பலவற்றைக் கேட்டு, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்புக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஃபுளோரிடாவின் பிரவர்ட் கவுன்டியில் 7,000க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களைப் பின்னாளைய கைதுப் பதிவுகளோடு ஒப்பிட்டது. பிறகு எந்தக் குற்றத்திலும் சிக்காத கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினருக்கு ‘இடர் அதிகம்’ என்ற முத்திரை விழுந்திருந்தது, வெள்ளையரில் 23.5 விழுக்காடு. கருவியைச் செய்த நிறுவனம் மறுத்தது: ‘இடர் அதிகம்’ என்று நாங்கள் சொன்னவர்களில் மீண்டும் கைதானோரின் விகிதம் இரு இனத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், பிறகு எங்கே பாகுபாடு என்றது.

இருவர் சொன்ன எண்களும் சரியே. எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கால் சொல்கிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ என இரு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1,000 பேர். அ பிரிவில் 500 பேர் மீண்டும் கைதாகிறார்கள். ஆ பிரிவில் 200 பேர். கருவி அ பிரிவில் 500 பேருக்கு முத்திரை குத்துகிறது, அவர்களில் 300 பேர் பிறகு கைதாகிறார்கள்: 60 விழுக்காடு. ஆ பிரிவில் 200 பேருக்குக் குத்துகிறது, 120 பேர் கைதாகிறார்கள்: அதுவும் 60 விழுக்காடு. மிகச் சமமான கருவி என்று தோன்றுகிறது அல்லவா? இப்போது குற்றமே செய்யாதவர்களின் பக்கம் வாருங்கள். அ பிரிவில் கைதாகாத 500 பேரில் 200 பேருக்கு வீண் முத்திரை: 40 விழுக்காடு. ஆ பிரிவில் கைதாகாத 800 பேரில் 80 பேருக்கு மட்டும்: 10 விழுக்காடு. அ பிரிவில் பிறந்த ஒரு நிரபராதி நான்கு மடங்கு அதிக ஆபத்தில் நிற்கிறார். அடிப்படை விகிதங்கள், அதாவது மீண்டும் கைதாவோரின் பங்கு, இரு பிரிவிலும் வேறாக இருக்கும்வரை, பிழையே செய்யாத கருவியைத் தவிர எந்தக் கருவியாலும் முத்திரை பலிக்கும் விகிதம், வீண் முத்திரை விகிதம், முத்திரை குத்தாமல் தவறவிடும் விகிதம் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சமமாக வைக்க முடியாது என்று அப்போதே பல ஆய்வாளர்கள் கணித முறையில் நிறுவினார்கள். எந்தச் சமத்துவத்தை விட்டுக்கொடுப்பது என்பது கணக்குக் கேள்வியல்ல, அறக்கேள்வி. அதை மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் சத்தமில்லாமல் தீர்மானித்துவிடக்கூடாது.

இதற்கும் அடியில் இன்னொரு பொய் கிடக்கிறது. கருவி கணிப்பது குற்றத்தை அல்ல, கைதை. காவலர் அதிகம் நிற்கும் பகுதியில் கைது அதிகம். கைது அதிகமானால் மதிப்பெண் அதிகம். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்.

இவ்வளவு சிக்கலுக்குப் பிறகும் கருவி கூர்மையாகக் கணிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஜூலியா டிரெசல், ஹானி ஃபரீத் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் காம்பாஸின் துல்லியம் சுமார் 65 விழுக்காடு. வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை என்ற இரண்டே விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணக்கும் அதே அளவு கணித்தது.

வயது என்றதும் நான் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இளையவர்கள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் என்று தரவு சொல்கிறது. ஆகவே கருவியின் கண்ணில் 19 வயது ஒரு குறை. அறத்தின் கண்ணிலும் பெரும்பாலான சட்டங்களின் கண்ணிலும் 19 வயது இரக்கத்துக்குரிய காரணம்: பக்குவம் வராதவன், திருந்த வாய்ப்புள்ளவன். ஒரே உண்மை ஒரு கணக்கில் தண்டனையைக் கூட்டுகிறது, இன்னொன்றில் குறைக்கிறது. வர்ஜீனியாவில் இடர் மதிப்பீடு வந்த பிறகு நடந்ததை ஆராய்ந்தவர்கள், மதிப்பெண் அதிகமாக இருந்தும் இளையவர்களிடம் நீதிபதிகள் தொடர்ந்து இரக்கம் காட்டியதைக் கண்டார்கள். ‘நீதிபதிகள் கருவியை மதிக்கவில்லை’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. தண்டனை என்பது செய்ததற்கு. செய்யப்போவதாக ஒரு கணக்கு சொல்வதற்கு அல்ல. அந்த நீதிபதிகள் தங்கள் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

‘மதிப்பெண் வெறும் ஆலோசனைதானே, முடிவு நீதிபதியுடையதுதானே’ என்பது வழக்கமான சமாதானம். விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றமும் 2016இல் லூமிஸ் வழக்கில் அப்படித்தான் சொன்னது. மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது நிறுவனத்தின் வணிக ரகசியம். தன்னைச் சிறைக்கு அனுப்ப உதவிய கணக்கைத் தண்டிக்கப்பட்டவரே பார்க்க முடியவில்லை. ஆனாலும், எச்சரிக்கைக் குறிப்போடு, மதிப்பெண்ணே தீர்மானிக்காதவரை பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம். எச்சரிக்கைக் குறிப்பு மனித மனத்தை எவ்வளவு காக்கும்? ஜெர்மனியில் ஒரு சோதனை. ஒரு கடைத்திருட்டு வழக்கைப் படித்த சட்டத் துறையினரைத் தண்டனை சொல்வதற்கு முன் பகடை உருட்டச் சொன்னார்கள். பகடைகள் 3 அல்லது 9 மட்டுமே வரும்படி செய்யப்பட்டவை. 9 விழுந்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 8 மாதம் என்றார்கள். 3 விழுந்தவர்கள் ஏறக்குறைய 5 மாதம். பகடை எண்ணே மனத்தை இழுக்குமென்றால், ‘அறிவியல் முறையில் கணக்கிட்டது’ என்ற பட்டத்தோடு வரும் எண் எவ்வளவு இழுக்கும்?

மலேசியாவின் சபா, சரவாக் நீதிமன்றங்கள் 2020இல் போதைப்பொருள் வைத்திருந்த வழக்குகளில் தண்டனையைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சோதனை முறையில் கொண்டுவந்தன. சாய்வைத் தவிர்க்க இனம் என்ற விவரத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. வேலை, முகவரி, படிப்பு, முன் வழக்கு என ஒவ்வொன்றும் இனத்தையும் வறுமையையும் மறைமுகமாகச் சுமந்து வரக்கூடியவை. இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று: தண்டனையைக் கணக்கிடும்போது இனம் வேண்டாம், ஆனால் விதித்த தண்டனைகளைத் தணிக்கை செய்யும்போது இனம் கட்டாயம் வேண்டும். பதிவே செய்யாத அநியாயத்தை நிரூபிக்க முடியாது.

அப்படியானால் எதைத்தான் செய்வது? எனக்குப் பிடித்த முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. அங்கே நீதித்துறை ஆணையம் 1986இல் அமைந்தது. அது நடத்தும் தகவல் அமைப்பில், இதே குற்றத்துக்கு இதற்கு முன் என்னென்ன தண்டனைகள் தரப்பட்டன என்ற பரவலை நீதிபதி பார்க்கலாம். ‘இவருக்கு இத்தனை மாதம்’ என்று அது கட்டளையிடுவதில்லை. உங்கள் சக நீதிபதிகள் இந்த எல்லைகளுக்குள் நின்றிருக்கிறார்கள் என்று காட்டுகிறது. ஒற்றை எண் மனத்தைக் கட்டிப்போடும். பரவல் யோசிக்க வைக்கும். எல்லைக்கு வெளியே போக நீதிபதிக்கு உரிமை இருக்க வேண்டும், போனால் காரணம் எழுதும் கடமையும் இருக்க வேண்டும். 20 ஆண்டு சொன்ன அந்த நீதிபதிக்கு, மற்ற 49 பேர் என்ன சொன்னார்கள் என்பது தெரிந்திருந்தால் பேனா சற்றுத் தயங்கியிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் இந்தப் பரவலும் நேற்றைய தீர்ப்புகளின் நிழல்தான். நேற்று சாய்வு இருந்தால் பரவலிலும் இருக்கும். ஆகவே சிதறலுக்கு இதையும், சாய்வுக்குத் தனித் தணிக்கையையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

நீதிபதிகளின் பெயரோடு தரவை வெளியிடலாமா? பிரான்ஸ் 2019இல் ஒரேயடியாகக் கதவை மூடியது: நீதிபதிகளின் அடையாளத்தை வைத்து அவர்களுடைய தீர்ப்புப் போக்கை ஆராய்வதும் ஒப்பிடுவதும் கணிப்பதும் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. அமெரிக்காவிலோ, தண்டனை ஆணையம் பெயரை மறைத்து வெளியிட்ட தரவை மற்ற நீதிமன்றப் பதிவுகளோடு இணைத்து, ஏறக்குறைய 6 லட்சம் வழக்குகளை நீதிபதியின் பெயரோடு பொருத்திய ஜஸ்ட்ஃபேர் என்ற தொகுப்பை ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். நான் பிரான்ஸின் பக்கம் நிற்க முடியாது. பொது அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர் பொதுப் பார்வைக்கு உட்பட்டவர். அந்த ஆய்வுக்குச் சிறை என்பது மிகை. ஆனால் பெயர்ப் பட்டியல் போட்டு ‘கடுமையான பத்து நீதிபதிகள்’ என்று தரவரிசைப்படுத்துவதையும் எதிர்க்கிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வழக்குகளுக்குப் பொருந்தாது. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஒத்த வழக்குகள் மட்டும் பார்க்கும் நீதிபதியின் சராசரி, ஒரே ஒரு கொடூர வழக்கால் தலைகீழாகும். போதிய எண்ணிக்கை சேரும்வரை விவரம் அந்த நீதிபதிக்கும் மேல்முறையீட்டு அமைப்புக்கும் போகட்டும். நீதிமன்ற அளவிலான கணக்கு எல்லோருக்கும் போகட்டும்.

இங்கிலாந்தில் டேவிட் லாமி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 2017இல் அளித்த ஆய்வறிக்கை ஒரு நல்ல விதியைத் தந்தது: இடைவெளி தெரிந்தால் விளக்கம் கொடு, கொடுக்க முடியாவிட்டால் திருத்து. போதைப்பொருள் வழக்குகளில் வெள்ளையர் அல்லாதோர் சிறைக்கு அனுப்பப்படும் சாய்ப்பு 240 விழுக்காடு அதிகம் என்ற கணக்கு அதில் இடம்பெற்றிருந்தது. ‘பாகுபாடு இருப்பதை நீ நிரூபி’ என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதற்குப் பதிலாக, ‘இடைவெளிக்குக் காரணம் சொல்’ என்று அமைப்பிடம் கேட்கிறது இந்த விதி. மெக்கிளெஸ்கிக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இதெல்லாம் நடக்க, எழுதிவைக்கும் பழக்கம் முதலில் வேண்டும். கைதிலிருந்து விடுதலை வரை ஒரே அடையாள எண், எந்தப் பிரிவில் கைது, எந்தப் பிரிவில் வழக்கு, எதில் தீர்ப்பு, பிணையில் இருந்தாரா உள்ளே இருந்தாரா, வழக்கறிஞர் இருந்தாரா, அரசு கொடுத்தவரா, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா. இவை பல இடங்களில் தனித்தனிக் கோப்புகளில், ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கின்றன. தண்டனையைக் கூட்டிய காரணம் எது, குறைத்த காரணம் எது என்பது நீதிபதியின் மனத்திலேயே தங்கிவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றங்களில் 2010 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை இதற்கு ஒரு படிவம் இருந்தது. தண்டனை விதித்ததும் நீதிபதியே அதை நிரப்புவார்: எந்தக் காரணங்கள் குற்றத்தைக் கடுமையாக்கின, எவை இரக்கத்துக்கு இடம் தந்தன, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு எவ்வளவு குறைத்தார் என்று. என்னிடம் ஒரு நீதிமன்றத்தை ஒப்படைத்து எங்கே தொடங்குவாய் என்று கேட்டால், மென்பொருள் எதையும் வாங்காமல் அந்தப் படிவத்தை அச்சடித்து நீதிபதியின் மேசையில் வைப்பேன்.